கல்லூரிக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷன்

என் தங்கையின் மகன் அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையில் மேல் படிப்புப் படிக்கிறான். போன வருஷம் விடுமுறைக்கு வந்திருந்தான். ஒரு நாள் இரவு சாப்பாடு முடிந்து, மொட்டை மாடியில் பாயை விரித்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஊர்க் கதையெல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, பேச்சோடு பேச்சாக அவன் சொன்னான்:

"எங்கள் காலேஜுக்குள்ளேயே போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, மாமா. காலேஜே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற போலீஸ்."

"வாட்ச்மேன்கள் என்று சொல்."

"இல்லை, மாமா. நிஜப் போலீஸ். இடுப்பில் துப்பாக்கி, சட்டையில் வில்லை, தலையில் விளக்கு வைத்த கார். கைது செய்யலாம், விலங்கு மாட்டலாம்."

நான் திகைத்துப் போனேன். கல்லூரி வாசலில் போலீஸ் லாரி வந்து நின்றாலே ஊர் முழுதும் கலவரம் என்று அர்த்தம் செய்துகொள்ளும் தேசத்தில் வளர்ந்தவன் நான். என் தங்கைக்கோ அந்தச் செய்தி தேனாக இனித்தது. "நல்லதுதானே, அண்ணா? அந்நிய தேசம். ராத்திரி பகல் பாராமல் லாபரேட்டரியில் கிடக்கிறான். கூப்பிட்ட குரலுக்குப் போலீஸ் இருந்தால் இங்கே எனக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு இரண்டு சம்பவங்களைச் சொன்னான். அவன் போய்ச் சேர்ந்த புதிது. இரவு இரண்டு மணி. புஸ்தகசாலையிலிருந்து அறைக்குப் போகும் வழியில் யாரோ பின்தொடர்வது போல் இருந்திருக்கிறது. அங்கே மரத்தடிகளில் நீல விளக்குப் போட்ட கம்பங்கள் உண்டாம். பொத்தானை அழுத்தினால் போலீஸுக்கு டெலிபோன் போகும். அழுத்தினான். ஐந்து நிமிஷத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார். எந்த ஊர், என்ன படிப்பு என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே அறை வாசல் வரையில் கூட நடந்து வந்து விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே இன்னொரு இரவு. லாபரேட்டரிக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த சிநேகிதனுக்காகப் படியில் உட்கார்ந்திருந்தான். அடையாள அட்டையை அறையில் மறந்து வைத்துவிட்டான். முகத்தில் டார்ச் விளக்கு அடித்தது. "எழுந்திரு. கைகளை நான் பார்க்கும்படி வை. இங்கே உனக்கு என்ன வேலை?"

"அதே மனிதர்தான், மாமா! போன வாரம் என்னோடு பேசிக்கொண்டே நடந்து வந்தவர். என் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை."

தங்கை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் பல நாள் என்னை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கல்லூரிப் போலீஸ் எங்கே பிறந்தது, மாணவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் படித்தது இரண்டே வருஷம். அதற்கு மேல் வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் கற்ற பாடங்கள் மறந்துவிட்டன. வாசல் காவற்காரர் மறக்கவில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பியவர். இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டுச் சுவர் ஏறிக் குதிப்போம். இருட்டில், எங்கோ தூரத்திலிருந்து, "யார் அது, தபால் மாஸ்டர் மகனா? காலை ஒடித்துக்கொள்ளாமல் இறங்கு" என்று குரல் வரும். எங்களுக்கு அவரிடம் பயம் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே ஒரு தைரியமும் உண்டு. அவருக்கு நம்மைத் தெரியும் என்ற தைரியம்.

இங்கிலாந்தில் இந்த வழக்கம் மிகப் பழையது. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை தனக்கென்று ஒரு போலீஸ் வைத்திருந்தது. 1825-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அதற்கு அதிகாரம் கொடுத்தது. கறுப்புக் கோட்டும், கவிழ்த்த கிண்ணம் போன்ற தொப்பியும் அணிந்து, பிராக்டர் என்ற அதிகாரியின் பின்னால் இவர்கள் தெருத் தெருவாகப் போவார்கள். மாணவர்கள் இவர்களுக்கு 'புல்டாக்' என்று நாயின் பெயரைச் சூட்டி விட்டார்கள். மதுக்கடையிலோ, இரவு நேரத் தெருவிலோ மாணவன் அகப்பட்டால், தொப்பியைத் தொட்டு, "தங்கள் பெயரும் கல்லூரியும், ஐயா?" என்று கேட்பது மரபு. பிடிக்கிற கையிலும் அந்த 'ஐயா' போகவில்லை. ஓடுகிறவனைத் துரத்திப் பிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பெயர். 2003-ல் அந்தப் போலீஸைக் கலைத்துவிட்டார்கள்.

ஆனால் தங்கை மகன் சொன்ன வகைப் போலீஸுக்குத் தாய் வீடு அமெரிக்காவில், நியூ ஹேவன் என்ற ஊரில் இருக்கும் யேல் சர்வகலாசாலை. 1701-ல் தொடங்கிய பழைய கல்வி ஸ்தாபனம் அது. ஊருக்கும் கல்லூரிக்கும் அங்கே கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவு. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வந்து கொட்டமடிக்கிறார்கள் என்று ஊரார் பொருமினார்கள். படிப்பு வாசனை அறியாத முரடர்கள் என்று மாணவர்கள் ஊராரை இகழ்ந்தார்கள். 1824-ல் புதைத்து ஒரு வாரம் கூட ஆகாத ஒரு பெண்ணின் பிரேதம் கல்லறையிலிருந்து காணாமற் போய், வைத்தியக் கல்லூரிக் கட்டடத்தில் அகப்பட்டது. அந்தக் காலத்தில் அறுத்துப் பார்த்துப் படிக்கச் சட்டப்படி உடல் கிடைப்பது அரிது. ஊர் திரண்டு வந்து கல்லூரியை முற்றுகையிட்டது. 1854-ல் நாடகக் கொட்டகையில் தொடங்கிய சண்டை ஒன்றில் ஊர்க்காரர் ஒருவர் குத்துப்பட்டு இறந்தார். கோபம் கொண்ட ஜனங்கள் பீரங்கிகளையே இழுத்துக்கொண்டு கல்லூரியை இடிக்கப் புறப்பட்டார்கள்! அவற்றை வெடிக்க முடியாதபடி செய்து, பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் ஊர்ப் போலீஸார்.

இருந்தும் மாணவர்களுக்கு ஊர்ப் போலீஸைக் கண்டால் ஆகாது. கல்லூரி எல்லைக்குள் போலீஸ்காரன் கால் வைக்கக் கூடாது என்பது அவர்களுடைய எழுதாச் சட்டம்.

1894-ல் மறுபடியும் பிரேதத் திருட்டு என்று வதந்தி கிளம்பிற்று, மறுபடியும் கைகலப்பு. ஊர்ப் பெரியவர்களும் கல்லூரிப் பெரியவர்களும் உட்கார்ந்து யோசித்தார்கள். நியூ ஹேவன் போலீஸிலிருந்து இரண்டு பேரை, இனி உங்களுக்கு வேறு வேலையில்லை, இந்தப் பிள்ளைகளோடு பழகுவதுதான் வேலை என்று சொல்லி அனுப்பி வைத்தார்கள். வில்லியம் வைசர், ஜேம்ஸ் டானெலி என்பவை அவர்கள் பெயர்கள். அமெரிக்காவில் கல்லூரிப் போலீஸ் என்பது இந்த இரண்டு பேரோடு பிறந்தது. சிறிது காலத்தில் யேலே அவர்களைத் தன் உத்தியோகஸ்தர்களாக எடுத்துக்கொண்டது.

முதலில் பையன்கள் முறைத்தார்கள். நம் வீட்டுக்குள் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். ஆனால் அந்த இருவரும் கைது செய்து பெயர் வாங்க வந்தவர்கள் அல்ல. திருட்டுப் போன சாமானைத் தேடிக் கொடுப்பது, ஊரானோடு மல்லுக்கு நிற்கும் பையனை இழுத்து வந்து அறையில் சேர்ப்பது, இதெல்லாம்தான் அவர்கள் உத்தியோகம். இருபது வருஷம் கழித்து, 1914-ல், வைசர் 'யேல் நினைவுகள்' என்று ஒரு புஸ்தகமே எழுதினார். போலீஸ் உத்தியோகம் பார்த்த ஒருவர் தாம் காவல் காத்த மாணவர்களைப் பற்றிப் பிரியத்தோடு புஸ்தகம் எழுதினார் என்பதே எனக்குப் போதும். எங்கள் கல்லூரிக் காவற்காரருக்கு எழுத்துத் தெரிந்திருந்தால் அவரும் எழுதியிருப்பார்.

இனி ஒரு எழுபது வருஷத்தைத் தாண்டிவிடலாம். 1964, அக்டோபர் முதல் தேதி. கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலை. அந்தக் கோடையில் அங்கிருந்து சில மாணவர்கள் மிஸிஸிப்பி ராஜ்யத்துக்குப் போய், நீக்ரோ மக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பு இன மக்கள் ஓட்டுரிமை பெறத் தொண்டு செய்துவிட்டு வந்திருந்தார்கள். திரும்பி வந்து, கல்லூரி வாசலில் மேஜை போட்டு, உண்டியல் வைத்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். செப்டம்பரில் நிர்வாகம் ஒரு தாக்கீது போட்டது: இங்கே அரசியல் மேஜை கூடாது.

மேஜையை எடுக்கவில்லை. அக்டோபர் முதல் தேதி மத்தியானம், ஜாக் வைன்பர்க் என்ற வாலிபர் ஒரு மேஜையண்டை உட்கார்ந்திருந்தார். கணிதத்தில் மேல் படிப்புப் படித்துவிட்டு விட்டுவிட்டவர். கல்லூரிப் போலீஸார் வந்து, அடையாள அட்டையைக் காட்டு என்றார்கள். காட்ட மாட்டேன் என்றார். கைது செய்தார்கள். அவர் உடம்பைத் தளர விட்டுவிட்டார். தூக்கிக்கொண்டு போய்ப் போலீஸ் காரில் போட்டார்கள்.

கார் நகரவில்லை. யாரோ "உட்காருங்கள்!" என்று கத்த, காருக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் அப்படி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நூறு பேர், ஐந்நூறு பேர், பிறகு ஆயிரக்கணக்கில். நடுவில் கடலில் அகப்பட்ட ஓடம் போல அந்தக் கார்.

இந்த இடத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் என் மனத்தைத் தொட்டது. மாரியோ ஸாவியோ என்ற மாணவர் கூட்டத்தில் பேசுவதற்காகக் காரின் மேல் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் பூட்ஸைக் கழற்றி வைத்தார். காருக்குச் சேதம் வரக் கூடாதே என்று! அவருக்குப் பிறகு பேச ஏறியவர்களும் அப்படியே செய்தார்கள். பகலெல்லாம், இரவெல்லாம், ஒருவர் பின் ஒருவராக, வெறுங்காலோடும் காலுறையோடும் போலீஸ் காரின் கூரை மேல் நின்று ஜனநாயகத்தைப் பற்றிப் பேசினார்கள். எவ்வளவு மெல்ல மிதித்தாலும் தகரம் தகரம்தானே. கூரை அமுங்கித்தான் போயிற்று. ஆனாலும் அந்தப் பூட்ஸைக் கழற்றிய கையில் போலீஸிடம் துவேஷம் இல்லை. கார் நம் கல்லூரிச் சமாசாரம், நாமே பாழாக்குவானேன் என்ற எண்ணம் இருந்தது.

எல்லா மாணவர்களும் ஒரே கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். நள்ளிரவில் வேறொரு மாணவர் கூட்டம் வந்து, உட்கார்ந்திருந்தவர்கள் மேல் முட்டையும் எரிகிற சிகரெட்டும் வீசிற்று. சட்டத்தை மீறுகிறவனை இழுத்துக்கொண்டு போகட்டுமே, நமக்குப் படிப்பு இல்லையா என்பது அவர்கள் கட்சி. ஒரு பாதிரியார் எழுந்து பேசி அமைதிப்படுத்தினார்.

முப்பத்திரண்டு மணி நேரம் வைன்பர்க் காருக்குள்ளேயே இருந்தார். மறுநாள் மாலைக்குள் சுற்று வட்டாரத்திலிருந்து நூற்றுக்கணக்கான வெளிப் போலீஸார் தடியோடு வந்து தயாராக நின்றார்கள். கடைசி நிமிஷத்தில் தலைவர் கிளார்க் கெர் மாணவர்களோடு உடன்படிக்கைக்கு வந்தார். வைன்பர்க்கை விடுவித்தார்கள், கூட்டம் கலைந்தது.

ஆனால் மனஸ்தாபம் கலையவில்லை. டிசம்பரில் மாணவர்கள் ஸ்ப்ரௌல் மண்டபத்தில் புகுந்து உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை கவர்னரே உத்தரவிட்டு வெளிப் போலீஸை அனுப்பினார். ஏறக்குறைய 800 பேரை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போனார்கள். அது வரையில் வேடிக்கை பார்த்த மாணவர்களும் ஆசிரியர்களும் அன்றைக்குக் கட்சி மாறினார்கள். டிசம்பர் 8-ஆம் தேதி ஆசிரியர் சபை கூடி, 115-க்கு எதிராக 824 வாக்குகளால் மாணவர் பக்கம் தீர்மானம் செய்தது.

பிறகு வந்த வருஷங்களில் இதே கதை பல ஊர்களில் நடந்தது. 1968, ஏப்ரல் 30 விடியற்காலையில் நியூயார்க் நகரப் போலீஸ் கொலம்பியா சர்வகலாசாலைக்குள் நுழைந்து 700-க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. மிச்சப் பருவம் முழுதும் வகுப்பு நடக்கவில்லை. 1970, மே 4-ஆம் தேதி கென்ட் நகரில் வந்து நின்றது போலீஸ் கூட இல்லை, துருப்பு. பதின்மூன்று விநாடி சுட்டார்கள். நான்கு பிள்ளைகள் செத்தார்கள்.

இவற்றிலிருந்து நிர்வாகிகள் ஒரு பாடம் படித்தார்கள். அவர்கள் படித்த பாடம் வேடிக்கையானது என்று எனக்குப் படுகிறது. வெளியார் உள்ளே வந்ததால்தானே வினை? அப்படியானால் நாமே உள்ளே ஒரு பெரிய போலீஸ் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். டெக்ஸாஸில் அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1966, ஆகஸ்ட் முதல் தேதி, ஆஸ்டின் சர்வகலாசாலைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் துப்பாக்கியால் கண்டவர்களையெல்லாம் சுட்டான். கல்லூரிக் காவலர்களால் அவனை எதிர்க்க முடியவில்லை. ஊர்ப் போலீஸார் ஏறிப் போய்த்தான் அவனைச் சுட்டு வீழ்த்தினார்கள். அடுத்த வருஷமே அந்த ராஜ்யத்தில் கல்லூரிகள் சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. மாணவர்களே பாதுகாப்பு வேண்டும் என்று கேட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 2007-ல் வெர்ஜீனியா டெக்கில் ஒரே காலையில் 32 பேர் கொலையுண்ட பிறகு, காவல் வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்லுவாள்?

ஆகவே துப்பாக்கி பெருகிற்று. 2011-12-ல் அமெரிக்க நீதி இலாகா எடுத்த கணக்கின்படி, 2,500 மாணவர்களுக்கு மேல் உள்ள நான்கு வருஷக் கல்லூரிகளில் நூற்றுக்கு 75-ல் ஆயுதம் ஏந்திய போலீஸார் இருந்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன் அது 68. வைசரும் டானெலியும் இருந்த இடத்தில் இப்போது ஒரு முழு இலாகா.

2011-ஆம் வருஷம் நவம்பர் 18. கலிபோர்னியாவிலேயே டேவிஸ் என்ற ஊர். சம்பள உயர்வை எதிர்த்து மாணவர்கள் கல்லூரி நடைபாதையில் கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரிப் போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில், செடிகளுக்குத் தண்ணீர் விடுவது போல நிதானமாக நடந்து, அவர்கள் முகத்தில் மிளகாய்க் காரத் திரவத்தைப் பீய்ச்சினார். வெளியாள் அல்ல, வீட்டுப் போலீஸ்! அந்தப் படத்தை உலகமே பார்த்தது.

மறுநாள் இரவு அந்தச் சர்வகலாசாலையின் தலைவியாகிய அம்மாள் ஒரு கட்டடத்திலிருந்து தம் காருக்கு நடந்து போனார். வழியின் இரண்டு பக்கமும் மாணவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. அம்மாளின் செருப்புச் சத்தம் மட்டுந்தான் கேட்டது. பெர்க்லியில் பூட்ஸைக் கழற்றிய பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள்தாம் இவர்கள் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு வழக்கு நடந்தது. 2012-ல் சமரசமாகி, வழக்காடிய 21 பேருக்கும் ஆளுக்கு 30,000 டாலர் கிடைத்தது. அந்த அதிகாரிக்கு, சம்பவத்துக்குப் பிறகு வந்த மிரட்டல்களால் மனம் பாதிக்கப்பட்டது என்று, தொழிலாளர் நஷ்டஈடாக 2013-ல் 38,000 டாலருக்கு மேல் கிடைத்தது. மிளகாய் தின்றவனுக்கு முப்பது, தெளித்தவனுக்கு முப்பத்தெட்டு! சர்வகலாசாலை இன்னொரு காரியமும் செய்தது. இந்தச் சம்பவத்தின் கறை இண்டர்நெட்டில் கண்ணில் படாமல் இருக்க, விளம்பரக்காரர்களுக்கு 1,75,000 டாலராவது செலவிட்டது. அந்தச் செய்தி 2016-ல் வெளியாகி, பழைய படத்தை மறுபடியும் எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள்.

யேலுக்குத் திரும்புவோம். 2018, மே மாதம். மேல் படிப்பு மாணவி ஒருத்தி, கறுப்பினப் பெண், தன் விடுதியின் பொதுக் கூடத்தில் கட்டுரை எழுதிக்கொண்டே அயர்ந்து தூங்கிவிட்டாள். விளக்கைப் போட்ட இன்னொரு மாணவி, வெள்ளைக்காரப் பெண், யாரோ வேற்றாள் என்று போலீஸைக் கூப்பிட்டாள். கல்லூரிப் போலீஸார் வந்தார்கள். மாணவி தன் அறைக்குப் போய், தன் சாவியால் தன் கதவைத் திறந்து காட்டினாள். அது போதவில்லை. அட்டையைக் கேட்டார்கள். அட்டையிலிருந்த பெயருக்கும் கணக்கிலிருந்த பெயருக்கும் எழுத்து வித்தியாசம். கால் மணிக்கு மேல் விசாரணை நடந்தது. சண்டை இல்லை, அடி இல்லை. போலீஸார் மரியாதையாகவே பேசினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வைசர் வளைய வந்த அதே ஊரில், தன் சாவியால் தன் கதவைத் திறந்த பிறகும் ஒரு பெண் தான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை, சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளப் புதிதாய்ச் சட்டம் வாங்கியது. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் புகுந்து 35 நாள் உட்கார்ந்தார்கள். யேல் மாணவர்கள் முறைத்ததோடு நின்றார்கள். இவர்கள் வருவதற்கு முன்பே கதவை அடைக்கப் பார்த்தார்கள். அந்தப் போலீஸ் சில வருஷம் தாமதமாயிற்று, நிற்கவில்லை.

கொலம்பியாவில் 2024-ல் நடந்தது இன்னும் விசித்திரம். காஸா யுத்தத்தை எதிர்த்த மாணவர்கள் ஹாமில்டன் மண்டபத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1968-ல் பிடித்த அதே மண்டபம். நகரப் போலீஸ் நுழைந்த தேதியும் அதே ஏப்ரல் 30! கொலம்பியாவின் சொந்தக் காவலர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் அது வரையில் கிடையாது. 2025-ல் நிர்வாகம் அந்த அதிகாரத்தோடு 36 பேரை நியமிப்பதாக அறிவித்தது.

இந்தக் கதையையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். அவன் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, "இத்தனையும் தெரிந்த பிறகும், அந்த ராத்திரி நீல விளக்கைக் கண்டால் நான் மறுபடியும் பொத்தானை அழுத்தத்தான் செய்வேன், மாமா" என்றான். அழுத்தாமல் என்ன செய்வான்? அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அந்த மனிதர் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"எந்த மனிதர்?"

"உன்னை அறை வாசல் வரையில் கொண்டு வந்து விட்டவர்."

பையன் யோசித்தான். சட்டையில் பெயர்ப் பட்டை இருந்ததாம். படித்துப் பார்க்கவில்லை என்றான்.

தங்கை உள்ளேயிருந்து வந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. மேஜை மேல் கிடந்த அவனுடைய அடையாள அட்டையைக் கையில் எடுத்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நாடா ஒரு பக்கம் நைந்து இழை இழையாகப் பிரிந்திருந்தது. விளக்கடியில் உட்கார்ந்து, கறுப்பு நூல் கோத்து, இரட்டைத் தையலாகப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். போதாது என்று இன்னொரு வரிசை போட்டாள்.